திருக்கைப் படமும் மரியதாசும்

சீடியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளிவிட்டேன். திரையில் இன்னும் வெறும் நீலம்தான். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த மரியதாஸ் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்.

"மச்சான், இதில கடல் வருமே?"

"கதை சொல்லமாட்டன். இருந்து பார்" என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். மத்தியான வெய்யிலில் கொட்டிலின் தகரக் கூரை சடசடத்துக்கொண்டிருந்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து உள்ளே தள்ளி, கடல் வீடு வாசலைக் கொண்டுபோன சனத்துக்கென்று வரிசையாகப் போட்ட கொட்டில்கள். அதில் ஒன்று அவனுடையது. அவனுடைய மனைவி றீற்றாவும் நாலு வயது மகளும் அந்தக் கடலோடு போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அப்படிப்பட்டவனிடம்தான் நான் அப்படிச் சொன்னேன்.

இந்தத் தொடரில் என் பிழைகள் பலவற்றை எழுதிவிட்டேன். ஊரானின் மோட்டரை எரித்ததையும், மாமனாரின் உழவு இயந்திரத்தை வாய்க்காலில் விட்டதையும் சிரித்துச் சிரித்து எழுதினேன். இதை அப்படி எழுத முடியவில்லை.

உருத்திரபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். இடைக்கிடை இராட்சத மிருகப் படங்களைப் பற்றிச் சொல்கிறீர்களே, உங்களுக்கு மிகப் பிடித்தவை எவை என்று ஒரு கிழமை எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். ஆசையோடுதான் எழுத உட்கார்ந்தேன். மூன்று படம் மளமளவென்று வந்தது. நாலாவதில் பேனை நின்றுவிட்டது.

எனக்கு இருக்கும் விசர்

வட்டக்கச்சியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவனுக்கு இந்த விசர் எப்படிப் பிடித்தது என்று கேட்காதவர்கள் இல்லை. பனையை விடப் பெரிய மிருகம் ஒன்று கடலிலிருந்தோ நிலத்துக்குள்ளிருந்தோ வரும். நகரத்தை நொறுக்கும். சனம் ஓடும். இவ்வளவுதான் கதை. எனக்கு அது போதும்.

"நாங்கள் பாத்த உடைவு காணாதெண்டே இதையும் இருந்து பாக்கிறியள்?" என்று என் மனைவி வசந்தி ஒருமுறை கேட்டாள். பகிடியாகக் கேட்கவில்லை. வீட்டுச் சுவரை இரண்டாம் முறை கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். படத்தில் எது உடைக்கிறதென்று தெரியும். அதற்கு ஒரு முகம் இருக்கும், இரண்டு கண் இருக்கும். எங்கிருந்து வருகிறதென்று பார்த்து மற்றப் பக்கம் ஓடலாம். எங்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவள் சீமெந்து குழைக்கப் போய்விட்டாள். இன்றைக்கும் என்னிடம் அதைவிட நல்ல பதில் இல்லை.

நண்டு

முதலாவது நண்டுப் படம். சரியான பெயர் எனக்குத் தெரியாது. எங்களுக்கு வந்த கசற்றுகளில் பெயர் எழுதியிருக்காது, நாங்களாக வைத்ததுதான் பெயர். கறுப்பு வெள்ளை. துறைமுகம் ஒன்றில் கப்பல்களைக் கிள்ளிக் கிள்ளிப் போடும் ஒரு நண்டு. பேசுகிற மொழி எந்த மொழி என்றுகூட எங்களுக்கு விளங்கவில்லை.

வன்னியில் மின்சாரம் இல்லாத காலம். திருத்த வந்த ஜெனறேற்றர் ஒன்று என் கடையில் நின்றால் அன்றைக்குப் படம். இரவில் வெளிச்சம் தெரியக்கூடாதென்று பகலிலேயே போடுவோம். யன்னல்களுக்கு உரப் பைகளைக் கட்டிவிட்டால் அறை இருண்டுவிடும். யூரியா மணமும் மண்ணெண்ணெய்ப் புகையும் வியர்வையுமாக இருபது பேர் இருப்போம்.

நண்டு ஒரு பாலத்தைப் பிடித்து நிற்கும்போது வெளியே விமானச் சத்தம் கேட்டது. ஜெனறேற்றரை நிற்பாட்டிவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினோம். இரண்டு குண்டு தூரத்தில் விழுந்தது. சத்தம் அடங்கியபின் வந்து கயிற்றை இழுத்து ஜெனறேற்றரைக் கிளப்பினால், நண்டு அதே பாலத்தைப் பிடித்தபடி நிற்கிறது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை.

முட்டையிட வந்த பறவை

இரண்டாவது மட்டத்தேள் படம். தண்டவாளத்துக்குக் கீழே கிடந்து வளர்ந்த ஒரு பூரான், ரயிலோடு ரயிலாக ஓடும். படு மோசமான படம். காலை அசைக்கிற நூல் தெரியும், ரயில் விளையாட்டுச் சாமான் என்று தெரியும். அதனால்தான் எனக்குப் பிடிக்கும். இயந்திரம் எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்க முடியாதவன் நான். இதை எப்படிச் செய்தார்கள், எந்தப் பக்கம் நின்று பிடித்தார்கள் என்று திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன்.

மூன்றாவது பறவைப் படம். நகரத்தின் மிக உயர்ந்த கோபுரத்தில் வந்து குந்தும் ஒரு பெரும் பறவை. சனம் பயந்து சுடுகிறது. அது யாரையும் ஒன்றும் செய்ய வரவில்லை, முட்டையிட இடம் தேடித்தான் வந்தது என்று பிறகுதான் தெரியும். வசந்தி முழுதாக இருந்து பார்த்த ஒரே படம் இதுதான். "பாவம், வயித்தில முட்டையோட நிண்டது" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கைச் சிந்திக்கொண்டே குசினிக்குள் போனதையும் நான் கண்டேன். கேட்டால் வெங்காயம் என்பாள்.

கருவாட்டுப் பையோடு வந்தவன்

சண்டை ஓய்ந்து பாதை திறந்த அந்தச் சில வருடங்களில் கிளிநொச்சியில் சீடி வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் வந்தன. அப்படி ஒரு கடையில்தான் மரியதாசைக் கண்டேன். மட்டத்தேள் சீடிக்கு நான் கை நீட்ட, மற்றப் பக்கத்தால் இன்னொரு கை வந்தது. கடையே மணக்கும்படி காலடியில் ஒரு கருவாட்டுப் பை.

முல்லைத்தீவில் கடல் தொழில் செய்கிறவன். வள்ளம் போகாத நாட்களில் கருவாட்டோடு உள்ளூருக்கு வருவான். யார் சீடியை எடுப்பதென்று இருவரும் மரியாதைக்கு இழுபட்டோம். கடைசியில் அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து இருவருமாகப் பார்த்தோம். கருவாட்டுப் பையை வேலியடியில் வைக்கச் சொன்ன வசந்தி, இரண்டாம் மாதம் அவனுக்கென்று தனியாக ஒரு கோப்பை வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து ஒரு சனி விட்டு ஒரு சனி வருவான். அவனைப்போல் படம் பார்க்கிறவனை நான் கண்டதில்லை. மிருகம் திரையில் தலை காட்டியதும் "இது எத்தினை பனை?" என்பான். உயரத்தைப் பனையில்தான் அளப்போம். பன்னிரண்டு பனை, இருபது பனை என்று சண்டை பிடிப்போம். பழைய நண்டுப் படத்தை ஒருநாள் அவனுக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அவன் முகத்தைச் சுழித்தான். அது நண்டே இல்லையாம், நேராக நடக்கிறதாம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒரு படத்தை முதலில் பார்த்தவன் மற்றவனுக்குக் கதை சொல்லக்கூடாது. எந்த மிருகம், எங்கே வரும், சாகுமா தப்புமா, ஒன்றும் சொல்லக்கூடாது. சட்டத்தைப் போட்டவன் நான்தான். பறவைப் படத்தின் முடிவை அவன் ஒருமுறை வாய் தவறி உளறிவிட்டான். நான் இரண்டு கிழமை அவனோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த சட்டம்.

அவன் வந்து, "அடுத்த படத்தில என்ன வருது?" என்று சும்மா சீண்டுவான். "கதை சொல்லமாட்டன்" என்பேன் நான். எத்தனையோ சனிக்கிழமைகள் அப்படிச் சொல்லிச் சொல்லி அது என் வாயில் ஊறிப்போயிருந்தது.

கடல்

கிறிஸ்து பிறந்த நத்தார் நாளுக்கு அடுத்த நாள் கடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கரையின் கிறிஸ்தவர்கள் ஞாயிறு தொழிலுக்குப் போவதில்லை. ஆனால் நத்தாருக்கு முதல் போட்ட வலை கடலில் கிடந்தது, பழுதாகிவிடும் என்று மரியதாஸ் விடியவே எடுக்கப் போயிருந்தான். அதனால் அவன் இருக்கிறான்.

மூன்றாம் நாள் நான் போய்த் தேடினேன். ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தான். பக்கத்தில் போய் இருந்தேன். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. அதைக் கண்டவர்கள் எழுதட்டும்.

சில மாதம் போனபின் கடையில் ஒரு புதுச் சீடி வந்திருந்தது. பெரிய திருக்கை ஒன்று செட்டையை விரித்து, கடலிலிருந்து நகரத்துக்கு மேலே எழும்பி நிற்கும் படம் மட்டையில் இருந்தது. கொண்டுவந்து நான் தனியாக இரண்டு தரம் பார்த்தேன். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். படம் தொடங்கி அரை மணித்தியாலத்தில் கடல் வற்றும். சனம் கரையில் நின்று புதினம் பார்க்கும். பிறகு திருக்கை அடியிலிருந்து எழும்ப, அலை வரும்.

பிறகு ஏன் அதை அவனிடம் கொண்டுபோனாய் என்று கேட்பீர்கள். நானே என்னை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவனுக்குப் பழையபடி ஏதாவது ஒன்று வேண்டும் என்று நினைத்தேன். அது உண்மை. படம் எனக்குப் பிடித்திருந்தது, அவன் இல்லாமல் பார்த்தது பார்த்தது போலவே இல்லை. அதுவும் உண்மை. அந்த இடம் வரும்போது றிமோட்டால் தள்ளி ஓட்டிவிடலாம் என்றும் எண்ணியிருந்தேன். எவ்வளவு மொக்குத்தனம்.

என் ரீவியையும் சீடி டெக்கையும் பற்றறியையும் தெரிந்த ஒருவரின் லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனேன். அவன் கேட்டான், கடல் வருமா என்று. அவன் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. ஓம் என்ற ஒரு சொல் போதும், சீடியை வெளியே எடுத்திருக்கலாம். என் வாய் பழக்கத்தில் மற்றதைச் சொல்லிவிட்டது.

கடல் வற்றத் தொடங்கியது. நான் றிமோட்டை எடுத்தேன். "விடு" என்றான். அவன் கையை மடியில் வைத்தபடி குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துக்கொண்டிருந்தான். அலை ஓய்ந்ததும் எழும்பி வெளியே போனான். நான் ரீவியை நிற்பாட்டிவிட்டுப் பின்னால் போனேன். தண்ணீர்த் தாங்கியடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவிக் கழுவி முடியவில்லை.

"நீ போயிட்டு வா மச்சான். நேரம் போயிட்டுது" என்றான். நேரம் ஒன்றும் போகவில்லை. மத்தியானம் இரண்டு மணி.

போகாத காலம்

அதற்குப் பிறகு நான் போகவில்லை. முதல் கிழமை வெட்கம். இரண்டாம் கிழமை அவன் வரட்டும் என்று ஒரு நினைப்பு. அவனும் வரவில்லை. மாதங்கள் போயின. மன்னிப்புக் கேட்கப் போவதென்றால் என்னத்தைச் சொல்லிக் கேட்பது என்று தெரியாமல் கடையிலேயே கிடந்தேன். பம்புகள் வந்துகொண்டே இருந்தன, அது ஒரு சாட்டு.

பிறகு சண்டை திரும்ப வந்தது. யாரும் யாரையும் தேடிப் போக முடியாத காலம். நாங்கள் வீட்டை விட்டு நடந்ததையும், முகாமில் இருந்ததையும், திரும்பி வந்ததையும் இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். அங்கெல்லாம் அவன் முகத்தைத் தேடினேன் என்பதை மட்டும் எழுதவில்லை. தண்ணீர் வரிசையில் நிற்கும்போது ஒவ்வொரு முதுகையும் பார்த்தேன். செத்துவிட்டான் என்று ஒருநாள் நானாகவே முடிவெடுத்தேன். அப்படி முடிவெடுத்தது எனக்கு வசதியாகவும் இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது.

மீளக் குடியேறிய பின், கையில் போன் வந்ததும் பழைய விசரும் வந்துவிட்டது. எல்லா மிருகங்களையும் திரும்பத் தேடிப் பார்த்தேன். திருக்கையை மட்டும் தேடவில்லை.

போன வருடம் எங்கள் ஒழுங்கைக்கு மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர், யாரிடம் மீன் எடுக்கிறார் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். மரியதாஸ் அண்ணை என்றார். எந்த மரியதாஸ் என்று நான் விசாரிக்க, அவர் சொல்லச் சொல்ல, வசந்தி கையில் மீன் சட்டியோடு அப்படியே நின்றாள்.

அதற்குப் பிறகும் இரண்டு மாதம் நான் போகவில்லை. கடைசியில் வசந்திக்குப் பொறுமை போய்விட்டது. "அந்த மனிசன் உயிரோட இருக்கு எண்டு தெரிஞ்சும் இருக்கிறியள். உங்களுக்கு அந்தாளில பயமோ, உங்களிலயே பயமோ?" என்றாள். அடுத்த நாள் காலமை தர்மபுரத்தால் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

கரையில்

கரைக்குக் கிட்ட, ஓலை வேய்ந்த மீன் வாடிக்குள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தலை முழுக்க வெள்ளை. என்னைக் கண்டதும் கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டு எழும்பினான். கட்டிப் பிடிக்கவில்லை, அழவில்லை. "வாடா, இரு" என்று ஒரு பெட்டியைத் தூசி தட்டி வைத்தான். தேத்தண்ணி ஊற்றித் தந்தான். திரும்பக் கலியாணம் முடிக்கவில்லை, தனியாகத்தான் இருக்கிறான். வசந்தியைக் கேட்டான், என் பிள்ளைகளைக் கேட்டான்.

நான் தேத்தண்ணியைக் குடிக்க முதலே சொல்லிவிட்டேன். அந்தப் படம், அந்தக் கேள்வி, நான் சொன்ன பதில். இருபது வருடமாகத் தொண்டைக்குள் இருந்ததெல்லாம் ஒழுங்கில்லாமல் வந்தது. அவன் வலையைப் பார்த்தபடி முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"எனக்குத் தெரியும், மச்சான். மட்டையில கடல் போட்டிருந்தது. பாக்கவேணும் போல இருந்தது, அதுதான் உன்னட்டக் கேட்டனான்."

எனக்கு விளங்கவில்லை. அவன் ஆறுதலாகச் சொன்னான். கடல் வந்த அன்றைக்கு அவன் ஆழக்கடலில் நின்றான். அங்கே அலை இல்லை, ஒரு குலுக்கம்கூட இல்லை. ஊரைக் கொண்டுபோன அலை அவனுடைய வள்ளத்துக்குக் கீழாலேதான் போயிருக்கிறது. அவன் வலை இழுத்துக்கொண்டு பாட்டும் பாடிக்கொண்டு நின்றிருக்கிறான். திரும்பி வந்தால் கரையில் ஊர் இல்லை. அந்த ஊரிலேயே கடல் வந்ததைக் காணாதவன் அவன் ஒருவன்தான். கண்டவர்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். எப்படி வந்திருக்கும் என்று ஒருதரம் பார்க்க விரும்பினான். அவ்வளவுதான்.

"படத்தில அலை வரேக்க நான் கைமணிக்கூட்டைப் பாத்தனான்" என்றான். "ஒருத்தி கையை நீட்டி அலையைக் காட்டுறாள். அதில இருந்து தண்ணி வீட்டில அடிக்கும் மட்டும் நாலு நிமிசம். எங்கட வீட்டில இருந்து நாலு நிமிசத்தில றோட்டுக்கு ஓடலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டும் ஓடலாம். நான் நடந்து பாத்தனான்."

இருபது வருடமும் நான் நினைத்தது என் வாயைப் பற்றி, என் பிழையைப் பற்றி. அவனோ அந்த நாலு நிமிடத்தோடு இருந்திருக்கிறான். படம் பார்த்த அடுத்த கிழமையே நான் போய் இருந்து கதைத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். இரண்டு தரம் பார்த்தவன் நான். எனக்குத் தெரியும்.

"மச்சான், அது நாலு நிமிசம் இல்லை" என்றேன்.

போனை எடுத்தேன். திரும்பவும் அதே பிழையைச் செய்கிறேனோ என்ற பயம். அதனால் இந்த முறை முழுக் கதையையும் முதலில் சொன்னேன். எங்கே கடல் வற்றும், யார் கத்துவார், எந்தச் சுவர் விழும், எல்லாம் சொன்னேன். பார்க்கவேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். அவன் பெட்டியை இழுத்து என் பக்கத்தில் போட்டான்.

தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சத்தத்தை முழுதாக நிற்பாட்டினேன். அலை வரும் இடத்தில் விரலால் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன். இந்தச் சிவப்புச் சட்டைக்காரனைப் பார், மூன்று தரம் ஓடுகிறான், ஒரே ஓட்டம்தான். ஒருமுறை முன்னால் நின்று பிடித்தது, ஒருமுறை மேலிருந்து, ஒருமுறை பக்கத்தால். இந்த மதிலைப் பார், ஐந்து தரம் உடைகிறது, ஒரே மதில். இந்தத் தண்ணியை ஒரு தொட்டிக்குள் விட்டு, மெதுவாக ஓடும்படி பிடித்திருக்கிறார்கள். பார்க்கிறவனுக்குப் பயம் வரவேண்டும் என்று இழுத்து இழுத்துப் போட்டிருக்கிறார்கள். திரும்ப வந்ததையெல்லாம் கழித்து, மிச்சத்தை அவனையே எண்ணச் சொன்னேன். வாய்க்குள் எண்ணினான். பதினெட்டு வினாடியில் முடிந்தது.

திரும்பவும் போடச் சொன்னான். திரும்பவும் எண்ணினான்.

"மரியதாஸ், அண்டைக்கு இஞ்ச என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது" என்றேன். "ஆனா அந்த நாலு நிமிசம் பொய். அது படக்காரன்ர நேரம்."

"அப்ப அவள் ஓடியிருப்பாள்."

"ஓடியிருப்பாள். நேரம் போதாமல் போயிருக்கும்."

போன் தானாக அணைந்தது. அவன் இருட்டான அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ வள்ளம் தள்ள ஆட்களைக் கூப்பிட்டார்கள், அவன் போகவில்லை. பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, எனக்குச் சொன்னானா றீற்றாவுக்குச் சொன்னானா தெரியாது, மெதுவாகச் சொன்னான்.

"நான் அவளோட கோவமா இருந்திட்டன். இவ்வளவு காலமும் கோவமா இருந்திட்டன்."